தபசு வரட்டும்

அண்ணனின் வெள்ளைச் சட்டைக்கு அண்ணி அன்று நீலம் போட்டது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வேர்வை பட்ட இடமெல்லாம் மஞ்சளேறிப் போன சட்டை. மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டர் முன்னால் அவர் குடிகாரனாகத் தெரியக்கூடாது. ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து அலசினாள், நீலத்தில் முக்கினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள், மறுபடி முக்கினாள். கடைசியில் சட்டை நீலமாகவே ஆகிவிட்டது.

அண்ணன் துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். முன்பு அவர் குடி கள்ளுக்கடையோடு நின்றது. மதுவிலக்கு வந்த பிறகு திருட்டுச் சாராயம், அதுவும் கிடைக்காவிட்டால் வார்னிஷ். கிறிஸ்துமஸ் சமயத்திலேயே கண் மஞ்சளாகி, வயிறு பானையாக வீங்கிவிட்டது. ஈரல் கெட்டிருக்கும், உடனே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டு என்று தெருமுனைக் கம்பவுண்டர் சொன்னார். அண்ணிக்கோ போலீஸ் பயம். குடித்ததை ஒப்புக்கொண்டால் டாக்டரே போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார் என்று தெருவில் பேச்சு. அண்ணனோ குடிப்பார், கூத்தடிப்பார், பொய் மட்டும் வராது. "பொய் சொல்லிட்டு அப்பால சாமியாராண்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணணும். என்னால ஆவாது" என்றார்.

"அப்போ தபசு வரட்டும்" என்றாள் அண்ணி. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில் அண்ணன் ஒரு சொட்டுத் தொடமாட்டார். வருஷா வருஷம் அப்படித்தான். "அப்போ குடிக்கிறியான்னு கேட்டா இல்லேன்னு தெகிரியமா சொல்லு. பொய்யும் ஆவாது, போலீசும் வராது." எங்கள் எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தபசு வரப்போகிறதே என்று அண்ணன் அந்த வாரங்களில் இன்னும் கூடுதலாகக் குடித்தார்.

தபசு தொடங்குகிற விபூதிப் புதனன்று கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கியதோடு நிறுத்தினார். கை உதறியது, சோறு இறங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அந்த நீலச் சட்டையை மாட்டிவிட்டு, அண்ணியும் நானும் இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டிப் போனோம்.

டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "குடிக்கிறது உண்டா?"

"இல்ல சார்." அண்ணன் நிமிர்ந்துதான் சொன்னார். அண்ணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"எப்போலேருந்து நிறுத்தினே?"

அதற்கு நாங்கள் தயாராகப் போகவில்லை. "புதன்கெழமலேர்ந்து சார்" என்றார் அண்ணன்.

டாக்டர் கோபப்படவில்லை. ஏன் இத்தனை நாள் கழித்து வந்தீர்கள் என்று அண்ணியைக் கேட்டார். அவள் அழுதுகொண்டே போலீஸ் பயத்தைச் சொன்னாள். "வைத்தியம் பாக்கிறதுதாம்மா என் வேலை, பிடிச்சுக் குடுக்கிறது இல்லே. கண்ணு மஞ்சளானப்பவே வந்திருக்கக் கூடாதா?" என்றார். அதை அவர் திட்டிச் சொல்லியிருந்தால் கூடத் தேவலை.

அண்ணன் ஈஸ்டர் வரை இருக்கவில்லை. கடைசி வாரம் வலியில் துடித்தபோது, பார்க்கப் பொறுக்காமல் அண்ணியே எங்கிருந்தோ கொஞ்சம் சாராயம் வாங்கி வந்து நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாமே நீ, நாப்பது நாளு இன்னும் முடியலியே" என்றார்.

அந்தப் பிடிவாதம் மற்ற நாளெல்லாம் எங்கே போயிருந்தது என்று எனக்கு இன்றைக்கும் கோபம் கோபமாக வருகிறது.