ஒரு ரிங் என்றால் நலம்

அந்த ரெடிமேட் கடையில் அவளுக்கு வைத்த பெயர் மிச்சம். மாடிப்படிக்குக் கீழே, ஆள் நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. வாங்கிய பேண்ட் நீளமாக இருந்தால் வெட்டி மடித்துத் தைப்பது, சட்டையின் இடுப்பைப் பிடித்துக் கொடுப்பது, ஜிப் மாற்றுவது, இவைதான் வேலை. வெட்டிய துண்டு வேண்டாம் என்று வாங்கினவர்கள் விட்டுப் போனால் அது அவள் பைக்குள் போகும். நூல்கண்டு தீரும்போது கடைசியாக மிஞ்சுகிற நாலு முழத்தையும் பாபினில் சுற்றி வைப்பாள். பாதியாக உடைந்த பட்டன்கூட அவளிடமிருந்து குப்பைக்குப் போனதில்லை. அதை வைத்து என்ன செய்வீர்கள் என்று கட்டிங் மாஸ்டர் கேட்டதற்கு, இன்னொரு பாதி ஒரு நாள் வராமலா போகும் என்றாளாம். மாஸ்டர் இதைக் கண்டவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அவளும் கூடச் சிரித்தாள். கோபித்துக்கொண்டால் அரை நாள் வீணாகும், அதையும் அவள் மிச்சம் பிடித்தாள்.

அவளை எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் என்று சொல்லிவிட முடியாது. கடை பெருக்குகிற பெண்ணின் பை கிழிந்தால் கேட்காமலே வாங்கித் தைத்துக் கொடுப்பாள், காசு வாங்க மாட்டாள். தனக்குச் செலவு செய்வதுதான் அவளுக்கு வராது. மூன்றாம் மாடியில் ஒரு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. அதில் ஒரு நேரத்தில் ஒரு விளக்குதான் எரியும். ஆள் எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையில். பற்பசைக் குழாயைக் கத்தரியால் பிளந்து உள்ளே இருப்பதை வழித்து இன்னும் ஒரு வாரம் ஓட்டுவாள். நடுவில் நைந்துபோன படுக்கை விரிப்பை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் நடுவுக்கு வரும்படி திருப்பி வைத்துத் தைத்துவிடுவாள். படுத்தால் முதுகில் தையல் உறுத்தும். உறுத்தினால் புரண்டு படுக்க வேண்டியதுதான்.

சோறு ஆக்குவதிலும் ஒரு முறை வைத்திருந்தாள். அரிசி கொதித்துப் பாதி வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பானையைப் பழைய கம்பளியில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் இறக்கி மூடிவிடுவாள். மீதி வேகிற வேலையை அதன் சூடே பார்த்துக்கொள்ளும். இப்படியே ஒரு சிலிண்டரை மற்றவர்கள் இரண்டு சிலிண்டருக்கு ஓட்டுகிற நாள் வரைக்கும் ஓட்டினாள்.

இதெல்லாம் பிறவிக் குணமா என்றால், இல்லை. கல்யாணமான புதிதில் அவளும் சினிமாவுக்குப் போனவள், இடைவேளையில் வாங்கித் தின்றவள்தான். கணவன் எலக்ட்ரீஷியன். மகளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது வேலைக்குப் போன இடத்தில் மின்சாரம் தாக்கி இறந்துபோனான். அன்றைக்கு வீட்டுக்குள் வந்த பயம் மெல்ல மெல்லச் சிக்கனம் என்று பெயர் மாற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது. அழுவதைக்கூட அவள் ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் உள்ளே போய்த் தைக்கவில்லை. சந்தோஷமும் அப்படித்தான், வந்து வாசலோடு போய்விடும்.

மகள் இதையெல்லாம் சீக்கிரம் கற்றுக்கொண்டாள். தையல் மெஷின் விளக்கின் வெளிச்சத்திலேயே வீட்டுப்பாடம் எழுதினாள். மிட்டாய் கேட்க மாட்டாள், புதுச் செருப்பு கேட்க மாட்டாள். பதினோரு வயதில் ஒரு முறை கடைவாய்ப் பல் சொத்தையாகி நாலு நாள் வலியோடு பள்ளிக்கூடம் போய் வந்தாள். கன்னம் வீங்கிய பிறகுதான் அம்மாவுக்கே தெரிந்தது. ஏன்டி சொல்லவில்லை என்று கேட்டதற்கு, டாக்டர் காசு கேட்பாரே என்றாள். அதை அம்மா கடையில் பெருமையாகச் சொன்னாள். "என் பொண்ணு எதையும் கேக்கவே மாட்டா" என்று அவள் சொல்லாத வாரம் கிடையாது.

அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தது ரயிலில் பத்து மணி நேரம் போக வேண்டிய ஊரில். மாப்பிள்ளைக்கு அங்கே ஒரு பிரஸ்ஸில் வேலை. சீதனமாக அவள் கொடுத்ததில் ஒரு போர்வையும் உண்டு. பல வருடமாகக் கடையில் சேர்த்த வெட்டுத்துண்டுகளைச் சதுரம் சதுரமாக ஒட்டித் தைத்தது. மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக ஒன்றும் கிண்டல் செய்யாமல் போனார்.

தொலைபேசிக்குச் செலவு செய்யாமல் பேசிக்கொள்ள அம்மாவே ஒரு ஏற்பாடு செய்தாள். தினமும் காலை ஏழே முக்காலுக்கு மகள் கூப்பிட வேண்டும், இவள் எடுக்கக் கூடாது. ஒரு ரிங்கில் வைத்துவிட்டால் நலம் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் பேச வேண்டும், நீ கூப்பிடு. மூன்று ரிங் என்றால் உடனே புறப்பட்டு வா. இதில் இன்னொரு லாபமும் இருந்தது. ஏழே முக்கால்தான் அரிசி பாதி வேகிற நேரம். போன் ஒரு தடவை அடித்ததும் கை தானாகப் போய் அடுப்பை அணைத்துவிடும். மகளும் நலம், சோறும் பதம். இதைக் கேட்டுத்தான் கட்டிங் மாஸ்டர் சொன்னார்.

"கடுகு போன இடம் ஆராய்வாங்க, பூசணிக்காய் போன இடம் தெரியாதுன்னு சொல்லுவாங்க. பாத்துக்கங்க அக்கா."

என் வீட்டில் பூசணிக்காயே கிடையாது என்று அவள் பதில் சொன்னாள். நாலு வருடம் ஒரு ரிங் ஒரு ரிங்காகவே போயிற்று.

ஒரே ஒரு தடவைதான் மாறியது. பள்ளிக்கூடம் திறக்கிற வாரம் அது. சீருடைகள் மெஷினைச் சுற்றி மலையாகக் குவிந்து கிடந்தன. புதன்கிழமை காலையில் போன் இரண்டு ரிங் அடித்து நின்றது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவசரமாக இருந்தால் மூன்று அடித்திருப்பாளே. ஞாயிற்றுக்கிழமை பேசினால் பாதிக் கட்டணம், நாலு நாள்தானே இருக்கிறது. ஞாயிறு வரை காத்திருந்து கூப்பிட்டாள். என்னடி விஷயம் என்று கேட்டதற்கு மகள், ஒன்றுமில்லை, சும்மாதான் என்றாள். சீருடை வேலையைப் பற்றி இவள் சொன்னாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நிமிஷம் ஆகப் போகுது, வை" என்றாள். மகள் வைத்துவிட்டாள். மறுநாள் காலை ஒரு ரிங் வந்தது. அப்பாடா என்று அடுப்பை அணைத்தாள்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாப்பிள்ளையின் அக்கா கடைக்கு வந்தாள். அவள் இந்த ஊரிலேயே நகரத்தின் மறுகோடியில் இருப்பவள். தன் வீட்டுக்காரருக்கு வாங்கிய பேண்ட்டை நீளம் குறைக்க வேண்டும் என்று நீட்டினாள். அடுத்து ஒரு பிளாஸ்டிக் பையையும் மெஷின் மேல் வைத்தாள். அதற்குள் வெட்டுத்துண்டுப் போர்வை இருந்தது.

"இதை மட்டும் விட்டுட்டுப் போயிட்டா அத்தை. தம்பி தூக்கிப் போடறேன்னான். உங்க கைவேலையாச்சேன்னு நான்தான் வாங்கிட்டு வந்தேன்."

எங்கே போய்விட்டாள் என்று இவள் கேட்டாள். வந்தவளின் முகம் மாறிவிட்டது.

"உங்களுக்குத் தெரியாதா? அவ வீட்டை விட்டுப் போயி எட்டு மாசம் ஆச்சு. ஸ்கூல் திறந்த வாரம். தம்பி கை நீட்டினது தப்புதான், நான் இல்லேன்னு சொல்லலை. ஏதோ லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கறதா கேள்வி."

இவள் அளவு நாடாவை எடுத்தாள். எத்தனை அங்குலம் குறைக்க வேண்டும் என்று கேட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டாள். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அந்தப் பெண் இன்னும் ஏதோ சமாதானமாகச் சொல்லிக்கொண்டு நின்றாள், பிறகு போய்விட்டாள். அன்றைக்கு இவள் இன்னும் ஆறு பேண்ட் தைத்தாள். ஒன்றில்கூடத் தையல் கோணவில்லை. துக்கம் வரும் என்று எதிர்பார்த்தாள், அது வரவில்லை. சாவியைத் தேடுகிற மாதிரி உள்ளுக்குள் தடவித் தடவிப் பார்த்தாள். அங்கே ஒன்றுமே தட்டுப்படவில்லை.

ஒரு நினைப்பு மட்டும் வந்தது. ஒரு ரிங்குக்கு ஒரு அர்த்தம், இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. அடித்துவிட்டான், வீட்டை விட்டு வந்துவிட்டேன் என்பதற்கு எத்தனை ரிங் என்று அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்ல வேண்டும் என்று மகள் இரண்டு ரிங் அடித்தாள். இவள் பாதிக் கட்டணத்துக்காக நாலு நாள் அவளைக் காக்கவைத்தாள். அந்த நாலு நாளில் மகள், சொத்தைப் பல் வலியைப் பொறுத்த மாதிரி இதையும் பொறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து போர்வையை எடுத்தாள். நல்ல கனம், பானையைச் சுற்ற இது பழைய கம்பளியைவிட நன்றாகச் சூடு தாங்கும் என்று மனம் கணக்குப் போட்டது. அப்படி நினைத்த தன்னைக் கண்டு அவளுக்கே பயமாகிவிட்டது. அன்று முழுக்க அவளுக்கு ஏற்பட்ட ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான். போர்வையை மடித்துக் கட்டிலின் மேல் வைத்தாள்.

உடனே கூப்பிட்டுப் பேசிவிடலாமே என்றால், பேசலாம்தான். போனைக் கையில்கூட எடுத்தாள். ஆனால் மகளை அவளுக்குத் தெரியும். அம்மாவின் நம்பரைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக் குரலைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமில்லை, சும்மாதான் என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் பிறகு அந்தக் கதவு திறக்காது. யாரும் எடுக்க மாட்டார்கள் என்று நம்பி அவள் அடிக்கிற அந்த ஒரு ரிங்கிலேயே அவளைப் பிடித்தாக வேண்டும்.

புதன்கிழமை காலையில் போனை அடுப்பு மேடையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஏழே முக்காலுக்கு அடித்தது. நாலு வருடப் பழக்கம் சும்மா விடுமா? கை நேராகப் போய் அடுப்பை அணைத்தது. திரும்புவதற்குள் ரிங் நின்றுவிட்டது. பாதி வெந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கடைக்குப் பத்து நிமிஷம் தாமதமாகப் போனாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது நடந்ததே இல்லை, மாஸ்டர் காரணம் கேட்கப் பயந்தார்.

வியாழக்கிழமை அரிசியை அடுப்பில் வைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். கட்டை விரலைப் பச்சைப் பொத்தான் மேலேயே வைத்துக்கொண்டாள். ஏழே முக்கால் ஆயிற்று, அடிக்கவில்லை. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். சமையலறையில் பானை தளதளவென்று கொதிப்பது கேட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வரக் கால் பரபரத்தது. அவள் போர்வையின் ஓரத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

போன் அடிக்கத் தொடங்கிய நொடியில் விரல் அழுத்திவிட்டது.

அந்தப் பக்கம் வாளிகள் உரசுகிற சத்தமும், தண்ணீர் விழுகிற சத்தமும், வரிசையில் நிற்கிற பெண்கள் யாரோ ஒருத்தியைச் சீக்கிரம் வரச் சொல்லிச் சத்தம் போடுவதும் கேட்டன. நடுவே ஒருத்தி மூச்சு விடுவது கேட்டது.

"அம்மா? ஏம்மா எடுத்த? காசு போகுமே."

"போகட்டும்" என்றாள். தன் குரல் யாருடையதோ போல இருந்தது. சொல்ல வேண்டும் என்று இரண்டு நாளாகச் சேர்த்து வைத்ததில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "போர்வை வந்துடுச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வாளிச் சத்தம் தூரமாகப் போயிற்று, எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. பதினோரு வயதில் கன்னம் வீங்கிக் கிடந்தபோதும் அவள் இப்படித்தான் மூச்சு விட்டாள், அழுகிறாள் என்று பக்கத்தில் படுத்திருந்தால்தான் தெரியும். சமையலறையிலிருந்து அடிப்பிடிக்கிற வாசனை வரத் தொடங்கியது. அம்மா எழவில்லை.

"ரெண்டு நிமிஷம் ஆகப் போகுதும்மா" என்றாள் மகள். "வைக்கட்டுமா?"

"வைக்காதே" என்றாள் அம்மா. "ஸ்கூல் திறந்த வாரம் ரெண்டு ரிங் அடிச்சியே, அதைச் சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு செருமல் கேட்டது. ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பித்தாள், பாதியில் குரல் உடைந்துவிட்டது. பிறகு முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். சோறு கருகிக்கொண்டிருந்தது, அடுப்பு எரிந்தபடியே இருந்தது.