பெரியப்பா செத்த சேதி

என் தங்கைக்குச் சாவதுதான் வேலை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மாதச் சம்பளமே அதற்குத்தான். பழைய காலத்து ஜப்பானில் நடக்கும் ஒரு சாமுராய் வீடியோ கேமை, கடைக்கு வருவதற்கு முன்னால் ஆடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதித் தருகிறாள். வாள் சுவருக்குள் புகுந்துகொள்கிறதா, செத்தவன் எழுந்து நடக்கிறானா, எல்லாம் பார்க்க வேண்டும். ஒரே சண்டையில் நாளுக்கு அறுபது தடவை வெட்டுப்படுவாள். வீட்டுக்கு வந்து கழுத்து வலி என்பாள். எங்களுக்குச் சிரிப்பு வரும்.

பெரியப்பாவுக்கு வரவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனபோது, "பொண்ணு கத்தியத் தூக்கிட்டு பொம்மைகூட சண்ட போட்டா எவன் கட்டுவான்?" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டார். அன்றோடு அப்பா அவரிடம் பேச்சை விட்டார். அதுவரை அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத மனுஷர். அதற்கப்புறம் வீட்டில் எங்களிடமே பேச்சு குறைந்துவிட்டது. எல்லாம் தன்னால்தான் என்று தங்கை உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தாள்.

அந்தக் கேமின் கடைசியில் வெள்ளைத்தாடி சாமுராய் ஒருவன் வருவான். வெட்டுவதற்கு முன் அரை நிமிஷம் திட்டுவானாம். ஆபீசில் அவனுக்குப் பெரியப்பா என்று பெயர். வைத்தது எங்கள் வீட்டுப் புண்ணியவதிதான். பதினோரு நாள் போராடி அவனைச் சாய்த்த சந்தோஷத்தில், "ஒருவழியா பெரியப்பா செத்துட்டார்" என்று வாட்ஸ்அப்பில் தட்டினாள். ஆபீஸ் குரூப்புக்குப் போக வேண்டியது எங்கள் குடும்ப குரூப்புக்கு வந்தது.

நான் உடனே போன் போட்டேன். "அடிப்பாவி, எங்க போட்டிருக்க பாரு." அழித்தாள். அதற்குள் அப்பா படித்துவிட்டார். 'ஒருவழியா' என்ற வார்த்தைகூட அவர் கண்ணில் படவில்லை. லேத் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு, கைகூடக் கழுவாமல் பெரியப்பா வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார். நாங்கள் கூப்பிட்டபோது பட்டறைப் பையன்தான் எடுத்துச் சொன்னான், போன் அங்கேயே கிடந்தது.

பெரியப்பா அந்த குரூப்பில் இல்லை. ஆபீசிலிருந்து வீட்டுக்கு ஓடி வந்த தங்கை வேறு வழியில்லாமல் அவரைப் போனில் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். கிழி கிழியென்று கிழிப்பார் என்று நினைத்தோம். அவர் கேட்டது ஒன்றுதான்.

"கெளம்பிட்டானா? வரட்டும். நான் வாசல்லயே நிக்கிறேன்."

உளறினாலும் நல்லதுக்குத்தான் உளறியிருக்கிறாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்பா நான்கு மணிக்கே திரும்பி வந்தார். கையில் கிரீஸ் அப்படியே இருந்தது. கண் வீங்கியிருந்தது.

"பாத்தீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"தெருமுனையிலேருந்து பாத்தேன். வாசல்ல குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்." ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தார். "பஸ்ல அத்தன பேர் முன்னாடி வாய்விட்டு அழுதேன்மா. அவன உசிரோட பாத்ததும் அன்னைக்குச் சொன்னதுதான் காதுல விழுந்துச்சு. திரும்பிட்டேன்."

"இப்பவாவது வாங்க, நானும் வரேன்" என்றாள் தங்கை.

"வேணாம். அவனுக்கு அழ வேண்டியத அழுது முடிச்சிட்டேன்."

அவள் போன் அடித்தது. பெரியப்பா. ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, பஸ்ஸு எதுவும் லேட்டா? உங்கப்பன இன்னும் காணோமே."

தங்கை அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"தெரியல பெரியப்பா."

"சரி. நான் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கிறேன்."