முட்ட ஆரும் கழிக்கருது

உச்சிமாகாளி திருவனந்தபுரத்துக்கு வந்து இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இருபத்திரண்டு நாளில் அவள் பார்த்த ஊர் இவ்வளவுதான்: ஆஸ்பத்திரி வார்டு, கரமனையில் ஓமனாவின் வீட்டுப் பின்பக்கம், அங்கே அடைபட்டுக் கிடந்த பன்னிரண்டு கோழிகள்.

அவளுடைய புருஷன் இசக்கிப்பாண்டி கொத்தனார். பதினைந்து வருஷமாக மலையாளக் கரையில்தான் வேலை. ஓமனா வீட்டு மாடியில் பூச்சுவேலை பார்க்கும்போது சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சேதி கேட்டுக் கடையநல்லூரிலிருந்து ஒரு பையோடு ஓடிவந்தவள்தான் உச்சிமாகாளி. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்த டாக்டர்கள், மூன்று மாதத்துக்கு பஸ்ஸோ ரயிலோ கூடாது, பக்கத்திலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சிமெண்டு மூட்டை அடுக்கியிருந்த பின்னறையை ஓமனா காலி செய்து கொடுத்தாள். பெரிய மனசு என்று தெருவே சொன்னது. அந்தப் பெரிய மனசோடு கோழிக்கூட்டு வேலையும் சேர்ந்து வந்ததைத் தெரு கவனிக்கவில்லை. கோழியைப் பார்த்துக்கொண்டால் அறை; இல்லாவிட்டால், இடுப்பை அசைக்கமுடியாத மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

கோழி வளர்த்தது மருமகள் லிபிக்காக. ஓமனாவின் மகன் பிஜு கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். லிபிக்கு ஐந்தாம் மாதம். கடை முட்டையில் என்ன எழவு கலந்திருக்கிறதோ என்று, வீட்டுக் கோழியின் முட்டை இரண்டைத் தினமும் அரைவேக்காட்டில் மருமகளிடம் அனுப்பிக்கொண்டிருந்தாள் ஓமனா. லிபி மார்த்தாண்டத்துப் பெண், தமிழ் நன்றாகவே பேசுவாள். ஆனால் படுத்தே இருக்கவேண்டும் என்று உத்தரவு. சன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் முகம் எப்போதாவது தெரியும், அவ்வளவுதான்.

கோழிக்கூடு மதிலோரத்தில், ஒரு கட்டில் போடும் அளவு இடத்தில் இருந்தது. முற்றம் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்து ஓமனா கண்ணாடி மாதிரி வைத்திருந்தாள். அதில் கோழிக்கால் படக்கூடாது. ஆறு பக்கத்தில் இருப்பதால் கூட்டு மண் ஒருநாளும் காய்வதில்லை. பன்னிரண்டும் அந்தச் சகதியிலேயே எச்சமிட்டு, அதையே கிளறிக் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. உச்சிமாகாளி கூட்டுக்கு வெளியே உட்கார்ந்து அவற்றைப் பார்ப்பாள். கேட்டுச் சாவி ஓமனாவின் இடுப்பில். நமக்கும் இதுகளுக்கும் கம்பிவலை ஒன்றுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொள்வாள்.

ஓமனாவின் பேச்சு அவளுக்குப் பாதி புரியும். மீதியைத் தலையாட்டிச் சமாளித்துவிடுவாள். தமிழும் மலையாளமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு மாதம் அந்தப் பின்னறையில் இருந்து பார்க்கவேண்டும். தெரியாத வார்த்தை ஆளைக் கவிழ்க்காது. தெரிந்த வார்த்தைதான் கவிழ்க்கும்.

கோழிகள் இளைத்தன. கொண்டை வெளுத்து, இறக்கை தொங்கி, ஒன்று மூலையிலேயே குந்திக்கொண்டது. எச்சத்தில் வெள்ளை நூலாக ஏதோ நெளிந்ததைக் கண்டதும், பூச்சி என்று உச்சிமாகாளிக்குத் தெரிந்துவிட்டது. அதைக் காகிதத்தில் மடித்து, நோஞ்சான் கோழியைப் பையில் போட்டு, ஓமனா கேட்டைத் திறந்துவிட, மிருகாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

டாக்டர் நல்ல மனுஷன். கோழி நன்றாகக் கழிக்கிறதா என்று மலையாளத்தில் கேட்டார். கழிச்சலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, ரெண்டு நாளா ஓயாமக் கழிக்கி என்றாள் இவள். தீனி நன்றாக இறங்குகிறதென்று அவர் சந்தோஷப்பட்டுக்கொண்டார். காகிதத்தைப் பிரித்துப் பார்த்து 'விர' என்றார். எச்சத்தையும் மண்ணையும் விரலால் காட்டி, புழுவின் முட்டை ஈரமண்ணில் கிடக்கும், கோழி அதைக் கொத்தினால் திரும்பவும் வயிற்றுக்குள் போகும், ஒரே மண்ணில் அடைத்துவைத்தால் மருந்து கொடுத்தும் பிரயோசனமில்லை என்று விளக்கினார். அதெல்லாம் அவளுக்குச் சுத்தமாகப் புரிந்தது. மருந்தைத் தண்ணீரில் கலக்கும் அளவையும் புட்டியில் கோடு போட்டுக் காட்டினார். வாசல்வரை வந்தவளைக் கூப்பிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னார்.

"பின்னே, ஏழு திவசம் முட்ட ஆரும் கழிக்கருது. கேட்டோ?"

கேட்டது. ஏழு நாளைக்கு முட்டையை யாரும் கழிக்கக்கூடாதாம். மருந்து கொடுத்தபின் இடும் முட்டையைக் கழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் அவளாக நினைத்திருந்தாள். டாக்டரே வேண்டாம் என்கிறாரே, மருந்து சேர்ந்த முட்டை சத்துப்போல என்று எண்ணிக்கொண்டாள். ஓமனாவிடம் மருந்துப் புட்டியைக் காட்டி, தலையாட்டி, எல்லாம் சரி என்று கையால் சொன்னாள். புருஷனிடமும், முட்டையைத் தூரப் போட வேண்டாமாம் என்று தமிழில் சொன்னாள். நல்லதாப் போச்சு என்றான் அவன், கொஞ்சம் அவசரமாக. அதை அவள் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை வேறு தண்ணீர் வைக்காமல் மருந்துத் தண்ணீரை மட்டும் வைத்தாள். கூட்டின் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு தூவினாள். இசக்கிப்பாண்டி கட்டிலில் கிடந்தபடியே சொல்லச் சொல்ல, மிச்சக் கல்லை இரண்டு வரிசை அடுக்கி, சாரத்துச் சட்டங்களை இடைவெளி விட்டுப் பரப்பி, கோழிகளைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கிவிட்டாள். எச்சம் இடுக்கு வழியே கீழே விழுந்தது. தீனிச் சட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டாள். இளைத்த கோழிகள் நாளுக்கு இரண்டு முட்டைதான் இட்டன; அதைத் தினமும் உடையாமல் பொறுக்கி அடுக்களையில் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள், ஓமனா முந்தின நாள் புட்டு ஒரு கிண்ணம் கொண்டுவந்து நீட்டினாள். "களயான் தோந்நியில்ல. நீ கழிக்கு" என்றாள். கழித்துவிடச் சொல்கிறாள் என்று உச்சிமாகாளி அதை வாங்கி, பணிவாகக் குப்பைவாளியில் கவிழ்க்கப் போனாள். ஓமனா பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"களயல்லே பெண்ணே. கழிக்கான்." குப்பைவாளியைக் காட்டிக் கூடாதென்று தலையசைத்து, விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினாள். "கழிக்கான்."

உச்சிமாகாளி அந்தக் கையையே பார்த்தாள். வாய்க்குப் போன கை. கழிக்கிறது என்றால் தின்கிறது. அப்படியானால் ஏழு நாள் முட்டையை யாரும்... ஐந்து நாளும் இரண்டிரண்டு முட்டை, வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு, தன் கையால் பொறுக்கிக் கொடுத்தது. புட்டுக் கிண்ணத்தை அப்படியே அறையில் வைத்தாள். சொன்னால் அறை போய்விடும்; அந்த மனுஷனை ரோட்டில்தான் கிடத்தவேண்டும். சொல்லாவிட்டால், நாளைக் காலையிலும் இரண்டு முட்டை. ஓடிப்போகவும் வழியில்லை, கேட்டு பூட்டியிருந்தது. அன்று பகலெல்லாம் அவள் கூட்டுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ஓமனா பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போனதும், லிபியின் சன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அறை போனால் போகட்டும் என்று, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். உனக்கோ பிள்ளைக்கோ ஒன்று ஆனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வேன் என்று அழுதாள்.

லிபி கம்பியில் இருந்த அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான் ஒண்ணுகூட தின்னல்ல. அந்த மணம் அடிச்சாலே எனக்கு ஓங்கரிக்கும். அம்மைகிட்டச் செல்லவும் பேடி, ஏசுவாவ. முட்ட கழிச்சோன்னு தினமும் கேப்பாவ, கழிச்சுன்னு செல்லுவேன். தமிழுல பாத்தா அது பொய் இல்லியே" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பொறத்து சன்னல் வழியா, ஒரு பாத்திரத்துல உங்க அறைக்கு, அண்ணன் கட்டிலுக்குத்தான் நீட்டுவேன். நீங்க கூட்டுல இருக்கிய சமயம். அண்ணன் செல்லல்லியா? ஆருகிட்டயும் செல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

உச்சிமாகாளி பின்னறைக்கு வந்தாள். இசக்கிப்பாண்டி அவள் முகத்தைப் பார்த்ததுமே, மாட்டிக்கொண்டோம் என்று புரிந்து, திருட்டுத்தனமாகத் தின்றதற்கு ஏச்சு வாங்கத் தயாரானான். அவளோ கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"நல்லவேளை, நீங்கதான் தின்னிய" என்றாள்.

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் விவரம் கேட்டான், சொன்னாள். வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

"வயிறு நல்லாத்தான் இருக்கு. எனக்கும் பூச்சி மருந்து குடுத்ததா வச்சுக்க" என்றான். "நாளைக்கு டாக்டர்கிட்ட, தின்னதால ஏதும் ஆகுமான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு வா. திங்கதுக்கு வேற வார்த்த சொல்லித் தாரேன்."

மறுநாள் காலை, அரைவேக்காட்டு முட்டை இரண்டும் சன்னல் வழியே அவள் கைக்கே வந்தன. மதிலோரம் குழி தோண்டிப் புதைத்தாள். இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது. அறைக்கோ இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல். உள்ளே ஓமனா கேட்பது கேட்டது, முட்டை கழிச்சோ என்று. கழிச்சு அம்மே என்றாள் லிபி. உச்சிமாகாளி மண்ணைக் காலால் மிதித்து மூடிவிட்டு, டாக்டரிடம் போகக் கேட்டைத் திறக்கச் சொல்ல ஓமனாவைத் தேடிப் போனாள்.