அக்கா காணாத ஆறு வௌவால்கள்

காற்றாலை இறக்கையில் அடிபட்டு அடியில் செத்துக் கிடக்கும் பறவைகளையும் வௌவால்களையும் தேடி எடுத்துக் கணக்கு எழுதுவது என் வேலை. காற்று சீசன் தொடங்கினால் திருவனந்தபுரத்தில் ரயில் ஏறி ஆரல்வாய்மொழிப் பக்கம் போய்விடுவேன். வாரக்கடைசியில் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், "எம்.எஸ்ஸி படிச்சது இந்தக் கண்றாவிக்கா? துணியைக் கொல்லையிலேயே போடு" என்பாள் அம்மா. பதில் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

என்னோடு கூலிக்குத் தேட வந்த அக்கா ஆரல்வாய்மொழிக்காரி. புருஷன் இல்லை, அவள் கூலியில்தான் வீடு நடந்தது. சருகுக்கும் தகைவிலான் குருவிக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாத தூரத்திலிருந்து, "அன்னா கெடக்கு மக்ளே" என்று கை காட்டுவாள்.

தேடுகிறவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. ஆபீஸ் ஃப்ரீசரில் வைத்திருக்கும் பழைய வௌவால்களின் காலில் நீல நூல் கட்டி, அவர்கள் வருவதற்கு முன் அங்கங்கே போட்டுவைப்போம். எத்தனையை எடுக்கிறார்கள் என்று பார்ப்போம். எடுக்காமல் விட்டவை போட்ட இடத்திலேயே கிடக்கின்றனவா என்று போட்டவர் உடனே போய்ப் பார்க்க வேண்டும். நாயோ கீரியோ தூக்கியிருந்தால் அது தேடியவரின் தவறில்லை.

ஒரு சனிக்கிழமை நான் எட்டு போட்டேன். அக்கா இரண்டைக் கொண்டுவந்தாள். "வேற ஒண்ணும் கெடக்கல்ல மக்ளே" என்றாள். புழுதி கண்ணில் அறைந்துகொண்டிருந்தது, பசி வேறு, மதிய ரயிலை விட்டால் வீட்டுக்குப் போக ராத்திரியாகிவிடும். சோம்பேறித்தனம், வேறென்ன. போய்ப் பார்க்காமலே 'தவறவிட்டது ஆறு' என்று எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலேறினேன். இந்த அக்காவுக்கு இப்போதெல்லாம் கவனமே இல்லை என்று அவள்மேல் எரிச்சல்கூடப் பட்டேன்.

அடுத்த வாரம் அந்தக் கணக்கைப் பார்த்து ஆபீசில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். சொல்ல வேண்டியவள் நான். "கண்ணு சரியில்லன்னு சொல்லுதாவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கம்பையும் சாக்குப்பையையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

நாலு நாள் கழித்து, நான் வௌவால் போட்ட காற்றாலைக்குப் பக்கத்துப் பாலத்தடியில் ஒரு நாய் குட்டி போட்டிருந்ததைப் பார்த்தேன். குட்டிகளைச் சுற்றி வௌவால் இறக்கைத் துண்டுகள், நீல நூலோடு சின்னச் சின்ன எலும்புகள். எண்ணிப் பார்த்தேன். ஆறு.

திருவனந்தபுரம் பழவங்காடி ஆபீசிலிருந்த மேலதிகாரிக்கு அங்கிருந்தே போன் செய்து, தப்பு என்னுடையது என்றேன். "ரிப்போர்ட் போயாச்சல்லே? இனி எந்து செய்ய முடியும்? அடுத்த சீசன்ல பார்க்கலாம்" என்று பாதி மலையாளத்தில் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்போ எனக்குக் கண்ணுல ஒண்ணுமில்லியா?"

"இல்லக்கா."

அக்கா சொன்னாள்: "தோவாளையில பூப்பறிக்கக் கூப்பிட்டாவ. கண்ணு தெரியாதவ போனா பிஞ்சு மொட்டையும் பிச்சிருவேன், அவுகளுக்கு நட்டம்னு நானே வரல்லன்னு சொல்லிட்டேன். வேற ஆளு எடுத்தாச்சு." என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கு நல்லாத்தான் தெரிஞ்சுது மக்ளே. படிச்ச பிள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."