ரெண்டு கையும் தூக்கிய ஸ்டியரிங் அக்கா

பஸ் டிப்போவில் அவளுக்கு ஸ்டியரிங் அக்கா என்று பெயர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை அசையாது, வாய்தான் நிற்காது. ரொட்டி வேன் ஓட்டித் திரிந்தவள், பரீட்சை எழுதித் தேறிப் பேருந்துக்கு வந்தவள். ஒரு நாள் போனைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்கிய பள்ளிப் பிள்ளைக்கு ஒரு முழத் தூரத்தில் பிரேக் அடித்து நிறுத்தினாள். அந்தப் பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போயிற்று. அன்றிலிருந்து அக்காவுக்குப் போன் என்றாலே எட்டிக்காய்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன் கொண்டுவரலாமா என்று மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்தால் இவள் சும்மா இருப்பாளா? கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள் என்று தலைமையாசிரியை சொன்னதுதான் தாமதம், ரெண்டு கையையும் தூக்கிவிட்டாள். அவசரம் என்றால் என்ன செய்வது என்று ஒரு தகப்பன் கேட்டார்.

"ஆபீஸ்ல போன் இருக்குல்ல? நாமெல்லாம் போன் வச்சுக்கிட்டா வளர்ந்தோம்?" என்று அக்கா போட்ட போட்டில் மனிதர் உட்கார்ந்துவிட்டார். தடை வந்தது. அக்காவின் சொந்த மகளே சில நாள் அவளோடு பேசவில்லை.

அந்த மகள்தான் பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் தோழிகள் அவளைப் பசை என்பார்கள். இறுதி ஆட்டம் அவர்கள் மைதானத்திலேயே நடந்தது. அக்கா லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. ஆனால் அவள் பேருந்து போகும்போது மைதானச் சுவரை ஒட்டித்தான் போகும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்க்கலாம். திரும்பி வருவது பள்ளி வாசல் வழியாக, நிறுத்தமும் அங்கேதான்.

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண்டக்டரிடம் சொன்னாள், கண்டக்டர் பேருந்துக்கே சொன்னான். முதல் நடையில் சுவருக்கு மேலே மஞ்சள் சட்டை தெரிந்தது. பசை கோல் கம்பத்துக்கு முன்னால் குதித்துக்கொண்டு நின்றாள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த நடையில் அந்த மஞ்சள் சட்டை தரையில் கிடந்தது. மேலே கூட்டம் கவிந்திருந்தது. யாரோ ஓடினார்கள். அதற்குள் சுவர் முடிந்துவிட்டது.

அக்காவின் கால் பிரேக்குக்குப் போனது. வண்டி நிறைய ஜனம், பின்னால் வரிசையாக வண்டிகள், எங்கே நிறுத்துவது? கண்டக்டர் பள்ளி ஆபீஸுக்குப் போன் போட்டான். லைன் பிஸி. மறுபடியும் பிஸி. பிள்ளை கையில் ஒரு போன் இருந்திருந்தால் இந்தப் பாடு உண்டா என்று பின் இருக்கையில் யாரோ முனகினார்கள். வேறு சமயமாக இருந்தால் அக்கா ஒரு பிடி பிடித்திருப்பாள். இது அவளே வெட்டிய குழி, யாரைத் திட்ட? கடைசி நிறுத்தத்தில் டீ குடிக்கக்கூட இறங்காமல் வண்டியைத் திருப்பினாள்.

பள்ளி வாசல் வந்தது. நிறுத்தத்தில் சேறும் சகதியுமாக ஒரு பெண்கள் பட்டாளம். நடுவில் மஞ்சள் சட்டை, பேருந்துக்குக் கை காட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவைத் திறந்தாள்.

"எங்கடி அடிபட்டுது?"

"அடியா? கடைசி பெனால்டியைப் புடிச்சிட்டேம்மா. மொத்த டீமும் எம்மேல வந்து விழுந்துருச்சு. ஜெயிச்சிட்டோம்."

பேருந்தே கைதட்டியது. அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஒரு போன் பண்ணக் கூடாதாடி? செத்துப் பொழைச்சேன்."

"போனா? ரெண்டு கையும் தூக்கினது யாரும்மா?"

அக்கா, ஹாரன் அடிக்காதீர் என்ற பள்ளிப் பலகைக்கு நேராக ஹாரனை அழுத்தோ அழுத்தென்று அழுத்தினாள்.

அடுத்த கூட்டத்தில் பேச்சு மறுபடியும் வந்தது. கூடாது என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். அக்காவும் தூக்கினாள். இந்த முறை ஒரு கைதான், அதுவும் தோள் மட்டத்துக்கு.