திரையில் தடித்திருக்க வேண்டிய வரிசை

போடியில் ஓர் ஏலக்காய் மண்டிக்கு வெப்சைட் வேலை பார்க்கிறேன். ஏலக் கூடத்துப் பெரிய திரையில் ஒவ்வொரு விவசாயியின் சரக்கும் ஒரு வரிசையாக வரும். உரியவர் இன்னும் சம்மதிக்காத சரக்கு மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். கரும்பலகையில் சாக்பீஸை அழுத்தி எழுதிய நாளிலிருந்து வரும் வழக்கம். தடித்ததற்கு எந்த வியாபாரியும் விலை கேட்கமாட்டார். மற்றதெல்லாம் கேட்டு முடிந்தால் விற்றதுதான்.

அன்று காலை மலையிலிருந்து ஜீப்பில் வந்த விவசாயி ஒருவர் என்னிடம் தனியாகச் சொன்னார். "எங்க ரெண்டு பேருக்கும் பொதுவான காயி தாயி, தம்பி வர்ற வரைக்கும் விக்கக் கூடாது. போன தடவ அவனக் கேக்காம வித்துட்டேன்னு வருசம் பூரா பேச்சு இல்ல. இப்பத்தான் பேசுறான்." தம்பி பஸ்சில் மலைப்பாதை இறங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் சரக்கின் வரிசையைத் தடிக்க வைத்தேன்.

ஏலம் தொடங்கியதும் முதலாளி வந்து நின்றார். "ஆத்தா, பின்னாடி இருக்கவுகளுக்கு எழுத்தே தெரியலையாம். வெரசா பெருசாக்கு."

அளவு, வரி இடைவெளி, எழுத்துருவின் பெயர் எல்லாவற்றையும் ஒரே சுருக்க வரியாக அடித்து, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைல்ஷீட்டில் சாதாரண வரிசைகளுக்கும் தடித்த வரிசைக்கும் தனித்தனியாகச் சேர்த்தேன். எழுத்து பெரிதானது. தடிமன் போய்விட்டது. அண்ணன்காரரின் வரிசையும் மற்றவற்றைப் போல மெலிந்து நின்றது. அதற்கு முன்னால் நாலைந்து சரக்குதான் பாக்கி.

சேமிக்கவில்லையோ என்று மறுபடி சேமித்தேன், பக்கத்தைப் புதுப்பித்தேன். ஒன்றும் மாறவில்லை. பிறகுதான் புரிந்தது. தடித்த வரிசைக்கான பகுதியில் 'தடிமன்' என்ற வரி மேலே இருக்கிறது, சுருக்க வரி கீழே. சுருக்க வரியில் சொல்லாமல் விட்டதையெல்லாம் பிரவுசர் சாதாரணத்துக்கே திருப்பிவிடும். மேல் வரியை அழித்துவிட்டு, சுருக்க வரியிலேயே அளவுக்குப் பின்னால் தடிமனைச் செருகினேன். அந்த ஒரு வரிசை மட்டும் குட்டியாகச் சுருங்கியது, தடிக்கவும் இல்லை. சுருக்க வரிக்குள் எது முன், எது பின் என்பது பிசகினால் பிரவுசர் முழு வரியையும் தூக்கி எறிந்துவிடும். தப்பு என்று வாய் திறந்து சொல்கிறதா என்றால், அதுவும் இல்லை. படுபாவி!

கூடத்தில் முந்தின சரக்கு முடிந்து மணி அடித்தது. ஒரு வியாபாரி அண்ணன்காரரின் காயைக் கையில் அள்ளி மோந்து பார்த்தபடி திரையை நிமிர்ந்து பார்த்தார். தடிமனை வெட்டி அளவுக்கு முன்னால் ஒட்டினேன். சேமித்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு புதுப்பித்தேன்.

வரிசை பெரிதாக, கறுகறுவெனத் தடித்து எழுந்தது. வியாபாரி காயைத் தட்டில் கொட்டிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன்காரருக்கு நடந்தது எதுவும் தெரியாது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் தம்பி உள்ளே வந்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, முதலில் திரையைத்தான் பார்த்தார். தங்கள் வரிசையைத் தேடிக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார்.