முனியன் கட்டிய காப்பு

நெமிலிச்சேரி மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா மணவாள முதலியார் என் பெரியப்பா. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அவரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

வேம்புலியம்மாள் எங்கள் வயலில் நாற்று நட்டவள். புருஷன் முனியனோடு ரங்கூனுக்குப் போய்ப் பதினைந்து வருஷம் அரிசி ஆலையில் உழைத்தாள். அங்கே யுத்தத்தில் குண்டு விழுந்த கையோடு, தை மாதத்தில், ஆலைக் குடியிருப்பில் அம்மை கண்டது. ஆடி வரை காத்திருக்காமல், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டு நம் சனங்கள் காப்புக் கட்டிக்கொண்டார்கள். அவள் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டியவன் முனியன். கூழ் காய்ச்சுவதற்குள் எல்லோரும் ஓட வேண்டியதாயிற்று. காடும் மலையுமாக நடந்த வழியில் வாந்திபேதி கண்டு முனியன் செத்தான். அவள் வளையலை உடைத்தாள், காப்பைத் தொடவில்லை. கூழ் ஊற்றிவிட்டு அம்மன் எதிரில்தான் அதை அவிழ்க்க வேண்டும்.

ஆடித் திருவிழாவுக்கு ஊர் வந்து சேர்ந்தாள். கோயிலுக்குள் விடச் சொல்லி அவள் கேட்கவே இல்லை. சேரி சனங்கள் வழக்கமாக நிற்கும் ஊர் எல்லைக்கல்லுக்கு அப்பாலேயே நின்றாள். கடைசி நாளில் தன் காப்பையும் பூசாரி வந்து அவிழ்த்தால் போதும் என்றாள். பெரியப்பா முடியாது என்றார். கடல் தாண்டியவளாம், சாவு பார்த்த கையாம். கயிற்றை அறுத்து ஏரியில் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

"போசொல்லோ கப்பல்ல போனேன். வரசொல்லோ நடந்துதான் வந்தேன். எந்தக் கடலைத் தாண்டுனேன், ஆண்டே?" என்று கேட்டாள்.

பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நடந்தார். பக்கத்தில் நின்ற நானும் அவர் பின்னாலேயே நடந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

கடைசி நாள் பூசாரி திருவேங்கடம் ஊரார் காப்பையெல்லாம் அவிழ்த்தார், அவளுடையதைத் தவிர. ஒரு கையில் காப்பு இருந்தாலும் திருவிழா முடியவில்லை, யாரும் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. பெரியப்பாவுக்கு அது மறந்துபோயிற்று. மறுநாளே, ஆடிக்கு வந்திருந்த மகள் தாட்சாயிணியைக் கொரட்டூர் மாமியார் வீட்டில் கொண்டுவிட வண்டி கட்டினார்.

எல்லைக்கல்லருகே வேம்புலியம்மாள் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என் கைல காப்பு கீது. தாண்டறவங்க தாண்டுங்க. அம்மா பாத்துகினு கீறா."

தாட்சாயிணி வண்டியை விட்டு இறங்கிவிட்டாள். மூன்று நாள் ஊரில் ஒருவரும் வெளியே போகவில்லை. ரயிலேறிப் பிழைக்கப் போகிறவர்கள் வாசலில் வந்து பெரியப்பாவை ஏசினார்கள். நான்காம் நாள் வேம்புலியம்மாள் காப்பை அவிழ்க்க அவர் பூசாரியை அனுப்பினார். அவள் கையை நீட்டவில்லை. தன்னை உள்ளே விட மாட்டார்கள் என்றால் அம்மன் வெளியே வரட்டும் என்றாள்.

அம்மன் கரகம் முதன்முறையாக எல்லைக்கல்லைத் தாண்டி வந்தது. வேம்புலியம்மாள் கூழ் ஊற்றினாள். வாங்கிக் குடித்தவர்களில் நானும் ஒருவன். காப்பு அவிழும்போதுதான் முனியனை நினைத்து அழுதாள். வழியில் அழ அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

அடுத்த ஆடியில், கோயிலில் கட்டும் காப்பு மட்டுமே செல்லும் என்று பெரியப்பா தண்டோரா போட்டார். கொடி ஏறிய அன்று எல்லைக்கல்லருகே சேரிப் பெண்கள் நாற்பது பேர் நின்றார்கள். வேம்புலியம்மாளில் தொடங்கி, ஒருத்தி கையில் ஒருத்தி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள்.